மூன்று துண்டாக ஹெர்த்தா

டாக்டரின் குரலுக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள்.

ஐலா ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு பதிவைப் பின்னுக்கு இழுத்து மறுபடி கேட்டாள். நோயாளி போன பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு, தனியாக உட்கார்ந்துதான் டாக்டர்கள் மைக்கில் பேசுவார்கள். முற்றுப்புள்ளியைக்கூட வாயால் சொல்வார்கள். ஆஸ்பத்திரிக் கீழ்த்தளத்தில் அதைக் கேட்டுத் தட்டச்சு செய்து, நோய்க்குரிய குறியீட்டைப் போடுவது அவள் வேலை. டாக்டர்களின் இருமல் கேட்டிருக்கிறாள், காபி உறிஞ்சுவதைக் கேட்டிருக்கிறாள், ஒருமுறை குறட்டைகூட. இது அப்படி இல்லை. வறண்ட, தாகமெடுத்த மூச்சு. மைக்குக்கு டாக்டரைவிட நெருக்கமாக.

கருவிக் கோளாறாக இருக்கும். அவளுக்கு எரிச்சல் வேறு இடத்தில். நோயாளி ஹெர்த்தா என்ற கல்லூரிப் பெண். கழுத்துச் சுரப்பி கெட்டு அவளுக்குக் கால்சியம் இறங்குகிறது என்கிறார் இந்த டாக்டர். சூலகம் வேலை செய்யவில்லை என்றது மகளிர் பிரிவு. சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியும் சந்தேகம் என்று இன்னொருவர். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே நோய், இந்த ஊரில் தலைமுறை தலைமுறையாக வருவது. அதற்கு ஒரே குறியீடும் உண்டு. அதை அவள் கோப்பின் முதல் பக்கத்தில் போட்டால் சிவப்பாக எச்சரிக்கை வரும். பெண் வாந்தி எடுத்துக்கொண்டு வந்தால் உடனே கார்ட்டிசோன் ஊசி போடுவார்கள். போடாவிட்டால் செத்துப்போவாள்.

ஐலா குறியீட்டை அடித்தாள். 'இந்தப் பிரிவுக்கு உரியதல்ல' என்று துப்பியது புதிய மென்பொருள். மறுபடி அடித்தாள். மறுபடி துப்பியது. மேலாளர் ரைமோவுக்குப் போன் போட்டாள்.

"ரைமோ, இந்தப் பொண்ண மூணு துண்டா வெட்டி மூணு இடத்துல வச்சிருக்காங்க. சேர்த்துப் போட விடமாட்டேங்குது."

"நோய் என்னன்னு சொல்றது டாக்டர் வேலை. நீ எப்பம்மா டாக்டரான?"

"ஒரு டாக்டரும் முழுசாப் பார்க்கலையே!"

"மேல எழுதிப்போடு ஐலா. வர்ற மாசம் கூட்டத்துல பேசலாம்."

கூட்டமாம், மண்ணாங்கட்டி. அவள் எழுதிப்போட்டாள். பதில் இல்லை. ஜன்னலில் வடக்கத்திப் பனிக்காலம், பகல் மூன்று மணிக்கே இருட்டிவிட்டது. கண்ணாடியின் பாதிவரை பனி.

செவ்வாய்க்கிழமை அவசரப் பிரிவின் பதிவொன்று அவள் முறைக்கு வந்தது. நோயாளி ஹெர்த்தா. வாந்தி, மயக்கம். "தோல் நன்றாகப் பழுப்பேறியிருக்கிறது, தெற்கே விடுமுறைக்குப் போய்வந்தவர் போலும், கமா, வயிற்றுத் தொற்று, முற்றுப்புள்ளி. வீட்டில் ஓய்வு, முற்றுப்புள்ளி."

ஐலா அந்த வரியை மறுபடி ஓடவிட்டாள். பாவிகளா! பனிக்காலத்தில் பழுப்பென்றால் கானரித் தீவு வெயில்தானா? அட்ரினல் செத்தால் தோல் அப்படித்தானே கறுக்கும்! பதிவின் அடியில் அதே மூச்சு. இப்போது வேகமாக.

பதிவு ஞாயிற்றுக்கிழமையுடையது. ஹெர்த்தாவின் எண்ணுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. அவசரப் பிரிவுக்கு அடித்தாள்.

"அந்தப் பொண்ணா? ஞாயித்துக்கிழமையே அனுப்பியாச்சே."

"யாரையாவது அவ வீட்டுக்கு அனுப்புங்க. தயவுசெஞ்சு!"

"நீங்க யாரு பேசறது? தட்டச்சா?" சின்னச் சிரிப்பு. "சொல்லி வைக்கிறேன்."

வெள்ளிக்கிழமை ஹெர்த்தாவின் பெயர் மறுபடி வந்தது. பிணப் பரிசோதனைப் பிரிவிலிருந்து.

ஐலா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு, வேறு வழியில்லாமல், பதிவை ஓடவிட்டாள்.

பரிசோதனை செய்கிற ஓஸ்மோவின் குரல் இல்லை அது. கரகரத்த, இளம் பெண்குரல்.

"ஹெர்த்தா. இடது அட்ரினல், கமா, காகிதம்போல் மெலிந்தது, முற்றுப்புள்ளி. வலது அட்ரினல், கமா, அதேபோல், முற்றுப்புள்ளி."

புதிதாக யாராவது பயிற்சி டாக்டராக இருக்கும். அவள் தட்டச்சு செய்தாள். அந்த ஒற்றைக் குறியீட்டை அடித்தாள். இந்தமுறை மென்பொருள் முனகவில்லை. மூன்று துண்டும் ஒன்றாகி, முதல் பக்கத்தில் சிவப்பாக எரிந்தது எச்சரிக்கை. இப்போது எடுத்துக்கொள்கிறதே, சனியன்!

"தாகமாக இருக்கிறது, முற்றுப்புள்ளி. புதிய பத்தி. இங்கே யாரும் இல்லை, முற்றுப்புள்ளி."

விரல்கள் நின்றன.

ஓஸ்மோவைக் கூப்பிட்டாள். "ஓஸ்மோ... ஹெர்த்தாவை யாரு பாக்கறாங்க?"

"யாரும் பார்க்கல. நான் இன்னும் மேல காபிதான் குடிச்சிட்டிருக்கேன். அந்தப் பொண்ண இப்பதான் மேசையில வச்சிட்டுப் போனாங்க. ஏன், என்ன ஆச்சு?"

பதிவின் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி மினுக்கியது. இன்னும் முடியவில்லை. பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.

ஐலா எழுந்தாள். பரிசோதனை அறை அதே தாழ்வாரத்தின் கடைசியில். குழல்விளக்கின் ரீங்காரம். கிருமிநாசினி நெடி. அதற்கடியில் குளிர்ந்த உலோக வாடை. அவள் செருப்புச் சத்தம். அது மட்டும்.

கதவைத் தள்ளினாள்.

ஒரே ஒரு விளக்கு. மேசைக்கு மேலே தொங்கும் மைக்கில் சிவப்புப் பொட்டு. துணி தோள்வரை விலகியிருந்தது. மாரில் இன்னும் ஒரு வெட்டுகூட இல்லை. வெள்ளை விளக்கில் பழுப்பு முகம். மூடிய கண்கள்.

உதடுகள் அசைந்தன.

"தட்டச்சு செய்பவர் வந்துவிட்டார், முற்றுப்புள்ளி. டாக்டர்களைப் போல அவரும் என்னைத் தொட்டுப் பார்க்கவில்லை, முற்றுப்புள்ளி. புதிய பத்தி."