ஜன்னலில் இரண்டு வரைபடங்கள்

சில்வண்டு என்று வீட்டில் அவளைக் கூப்பிடுவதற்குக் காரணம் அவள் வாய்தான். ஓயவே ஓயாது. ஆனால் அன்று பள்ளி விட்டு வந்ததிலிருந்து அவள் பேசவே இல்லை. நகராட்சி அலுவலகத்தில், அம்மாவின் மேசை அருகே உம்மென்று உட்கார்ந்திருந்தாள். வரைபடங்களைச் சுருட்டி, எண் போட்டு அடுக்குவது அம்மாவின் வேலை.

"என்னடி, வயிறு வலிக்குதா?"

"இல்லம்மா. குளத்தை மூடிட்டுக் கடை கட்டப் போறாங்களாமே?"

"ஆமா. நாளைக்குக் கூட்டத்துல முடிவாயிடும். அப்பாவுக்கும் ஒரு கடை கிடைக்கும்."

அதுதான் சிக்கல். அப்பா தையல்காரர். தெருவோரத்தில் ஒரு பெரிய குடைக்குக் கீழேதான் அவருடைய இயந்திரம். மழை வந்தால், தான் நனைந்தாவது துணியைக் காப்பாற்றுவார். போன வாரம் அவர் தும்மிய தும்மலில் ஊசியில் நூலே கோக்க முடியவில்லை. பாவம், அவருக்குக் கடை வேண்டும். குளத்தில் ஒரு நீர்க்கோழி ஐந்து குஞ்சுகளோடு நீந்துகிறது. அதற்குக் குளம் வேண்டும். சில்வண்டுக்கு இரண்டுமே வேண்டும்.

"அந்த வரைபடத்தைக் காட்டும்மா."

அம்மா இரண்டு மெல்லிய தாள்களை எடுத்தார்.

"எதுக்கு ரெண்டு?"

"நிலம் ஒண்ணுதான். இது மாடியில இருக்கிற கட்டடப் பிரிவு வரைஞ்சது. இது கீழே இருக்கிற பூங்காப் பிரிவு வரைஞ்சது."

"ரெண்டு பேரும் பேசிக்க மாட்டாங்களா?"

"டீ குடிக்கும்போது பேசுவாங்க. இதைப் பத்திப் பேச மாட்டாங்க."

சில்வண்டு இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்தாள். வெளிச்சத்தில் இரண்டும் சேர்ந்து தெரிந்தன. குளத்தின் மேல் கடைகள். பக்கத்து மேட்டில் ஒரு நீல வட்டம்.

"இது என்னம்மா?"

அம்மா குனிந்து படித்தார். "செயற்கைக் குளம். நீரூற்றோட."

"இருக்கிற குளத்தை மூடிட்டுப் பக்கத்துலயே புதுக்குளமா!"

அவள் போட்ட சத்தத்தில், அந்த வழியே போன நகராட்சித் தலைவி நின்றுவிட்டார். ஜன்னலைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். இரண்டு பொறியாளர்களையும் வரச் சொன்னார்.

"எங்க தாள்ல புதுக்குளமே இல்லையே!" என்றார் கட்டடக்காரர்.

"எங்க தாள்ல கடையே இல்லையே!" என்றார் பூங்காக்காரர்.

"புதுக்குளத்துக்குப் பதிலா கடைகளை மேட்டுல கட்டலாமே? எங்க அப்பாவுக்கும் அதுல ஒரு தையல் கடை வருது" என்றாள் சில்வண்டு.

கட்டடக்காரர் அளந்து பார்த்தார். "இடம் பத்தாது. பாதிக் கடைகளை மாடியில வைக்கணும்."

"மாடி ஏற உங்க அப்பா சம்மதிப்பாரா?" என்று தலைவி கேட்டார்.

"கேட்டுட்டு வரேன் மேடம்!"

சில்வண்டு ஒரே ஓட்டமாக ஓடினாள். அப்பா மிதிப்பதை நிறுத்தவே இல்லை. "நாள் பூரா மிதிக்கிற கால்டா இது. படிக்கட்டுக்கா பயப்படும்? ஜன்னல் உண்டான்னு மட்டும் கேளு."

"உண்டுப்பா. நானே கேட்டு வாங்கித் தரேன்!"

மறுநாள் கூட்டத்தில் கடைகள் மேட்டுக்குப் போயின. குளம் அதன் இடத்திலேயே இருந்தது.

அடுத்த மழைக்காலத்தின் முதல் மழை. மாடிக் கடையில் தைத்துக்கொண்டிருந்த அப்பா, பழக்கத்தில் குடையைப் பிடிக்கக் கையை நீட்டினார். அங்கே சுவர்தான் இருந்தது. ஜன்னலில் நின்ற சில்வண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். கீழே நீர்க்கோழி, ஆனந்தமாக நனைந்துகொண்டிருந்தது.