நாலு பத்துக்குத் திரும்பும் வண்டி

"அந்தச் சந்திப்போட தடங்களைத் திறந்து காட்டுங்க சார்."

கைபேசிகளில் வழி காட்டும் வரைபடத்துக்குச் சாலைகளை வரையும் அலுவலகம் அது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவளுக்குச் சொல்லிவிட்டார்கள். எதை வேண்டுமானாலும் கேள், பூட்டி வைத்த எந்தச் சந்திப்பிலும் வண்டிகள் போன தடங்களை மட்டும் கேட்காதே.

மேலாளர் நிமிரவில்லை. ஒரு சந்திப்பை வரைந்து முடித்தால் அது திரையில் பச்சையாகும். பச்சையாக்கு, பச்சையாக்கு என்று நாள் முழுக்க எல்லோர் முதுகுக்குப் பின்னாலும் நின்று உயிரை எடுப்பதால் அவருக்குப் பச்சை சார் என்றே பேர் நிலைத்துவிட்டது.

"லீவு இன்னும் மூணு நாள் இருக்கே. வீட்டுல இரும்மா."

"வீட்டுல இருந்து? அண்ணன் போட்டோவைப் பார்த்துட்டு உக்காந்திருக்கவா?"

அவளைப் படிக்கவைக்க எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் அண்ணன். லோடு வண்டி ஓட்டினான். பன்னிரண்டு நாளைக்கு முன், சாயங்காலம் நாலு பத்துக்கு, அந்தச் சந்திப்பில் கைபேசி வலப்பக்கம் திரும்பச் சொன்னது. திரும்பினான். அங்கே சாலை இல்லை. கைவிட்ட கல்குவாரி, அதில் தளும்பத் தளும்பத் தண்ணீர். அவனையும் வண்டியையும் மேலே தூக்க ஒரு பகல் முழுக்க ஆயிற்று. ஊறி உப்பிப்போன அந்தக் கைபேசி இப்போது அவள் பைக்குள் கிடக்கிறது. உயிர் இல்லை. தட்டினால் உள்ளே தண்ணீர் குலுங்கும் சத்தம் மட்டும் வரும்.

நாற்பது நாற்காலிகள் போட்ட கூடம். எல்லோரும் டீ குடிக்கக் கீழே போயிருந்தார்கள். ஏசி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"திறந்தா உனக்குத்தான் கஷ்டம்" என்றார் பச்சை சார்.

"பரவாயில்ல. திறங்க."

திறந்தார்.

முதலில் வந்தது சந்திப்பின் சரித்திரம். வலப்பக்கத் திருப்பத்தை வரைந்தவர் எண், வரைந்த தேதி. அந்த எண்ணை அவள் இரண்டு முறை படித்தாள். கழுத்தில் தொங்கும் அட்டையைப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை.

அது அவளுடைய எண்.

பயிற்சி வாரம். ஒரு நாளைக்கு இருநூறு சந்திப்பு. வானத்திலிருந்து எடுத்த படத்தில் கறுப்பாக, நீளமாக ஒரு பட்டை. 'கறுப்பா நீளமா இருந்தா ரோடுதான், யோசிக்காதே' என்று சொல்லிக்கொடுத்தவர் இதே பச்சை சார். தண்ணீர்மேல் பாறையின் நிழல் விழுந்தாலும் கறுப்பாக, நீளமாகத்தான் இருக்கும். அதை அவர் சொல்லித்தரவில்லை. அவளும் கேட்கவில்லை. பச்சையாக்கிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டாள்.

"என் அண்ணன்தான் முதல் ஆளா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மூணாவது."

"ரெண்டு பேர் செத்ததுக்கு அப்புறமும் திருப்பத்தை அழிக்கலையா நீங்க?"

"அழிச்சேம்மா. மூணு தடவை அழிச்சேன். திரும்பத் திரும்ப வந்துடுது."

"யார் கொண்டு வர்றது?"

"அவங்கதான்." குரல் தாழ்ந்தது. "நம்ம மென்பொருளுக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். தினமும் ஒரு வண்டி ஒரு பக்கம் திரும்பினா, அங்க ரோடு இருக்குன்னு அர்த்தம். செத்தவனும் தினமும் போறான். அது தானா திறந்துக்குது. வெளிய சொன்னா யார் நம்புவா? அதான் பூட்டி வெச்சேன்."

"பூட்டினது தடத்தை. திருப்பம் திறந்துதானே கிடந்துச்சு? அதுல என் அண்ணன் போனான்."

அவர் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார்.

சுவர்க் கடிகாரத்தில் நாலு ஒன்பது.

ஒரு வாடை வந்தது. பாசி பிடித்த கல்லின் வாடை. ஏசியிலிருந்து என்று நினைத்தாள். இல்லை, அவள் மடியிலிருந்த பையிலிருந்து.

நாலு பத்து.

திரையின் ஓரத்தில் ஒரு புள்ளி முளைத்தது. பின்னால் இன்னொன்று. கொஞ்சம் தள்ளி மூன்றாவது. அந்த மூன்றாவது புள்ளி குழிகளுக்கு ஒதுங்கி, ஒதுங்கி வந்தது. அப்படி ஓட்டுகிறவனை அவளுக்குத் தெரியும். பின்னால் ஏற்றிய சரக்கு அலுங்கக்கூடாது அவனுக்கு.

மூன்றும் சந்திப்புக்கு வந்தன.

"இப்போ திரும்பும்" என்று முணுமுணுத்தார் பச்சை சார்.

திரும்பவில்லை.

நின்றன.

"இப்படி நின்னதே இல்லையே." அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "யாருக்காகவோ காத்திருக்கற மாதிரி..."

அவளுக்குப் புரிந்தது, காத்திருப்பது தனக்காகத்தான். ஆனாலும் எழுந்துபோய் அச்சு இயந்திரத்தைத் தட்டினாள். சந்திப்பின் சரித்திரம் இரண்டு தாளாக வெளியே வந்தது. அவள் எண், தேதி, இறந்தவர்கள் வீட்டுப் புகார்கள், அவற்றைப் பூட்டியவர் பெயர், எல்லாம்.

"எங்க எடுத்துட்டுப் போற?"

"போலீஸ்கிட்ட. குவாரி வாய்ல சுவர் எழுப்பட்டும். வரைபடத்துல அழிச்சாதானே திரும்ப வருது? கல்லு தானா நகராது."

"பைத்தியமா உனக்கு? முதல் பேரே உன்னோடது. உங்கம்மாகிட்ட என்ன சொல்லுவ? மகனைக் கொன்னது மகள்னா?"

அந்த வார்த்தை போய்த் தைக்க வேண்டிய இடத்தில் தைத்தது. அவள் தாள்களை எடுத்துக்கொண்டாள்.

"ஆமா. அதைத்தான் சொல்லப்போறேன். உங்க பேரையும் சேர்த்துச் சொல்லுவேன்."

கழுத்து அட்டையைக் கழற்றி அவர் மேசையில் போட்டாள். படியிறங்கினாள். பை, ஏறி வந்தபோது இருந்ததைவிடக் கனத்தது. அடியிலிருந்து சொட்டிய தண்ணீர் ஒவ்வொரு படியிலும் கறுப்பாக ஒரு வட்டம் போட்டது.

வாசலுக்கு வந்தாள். காவல் நிலையம் இடப்பக்கம்.

பைக்குள் செத்த கைபேசி அதிர்ந்தது.

"வலப்பக்கம் திரும்பவும்."



மறுபடியும் பேசியது. இந்த முறை இயந்திரத்தின் குரல் இல்லை. வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு, பிரியமாகக் கூப்பிட்டது.

"வலப்பக்கம் வா, பாப்பா. அண்ணன் நிக்கறேன்ல."

வீட்டில் அவளைப் பாப்பா என்று கூப்பிட்டவன் அவன் ஒருவன்தான்.

தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் இடப்பக்கம் திரும்பி நடந்தாள்.

பின்னால், ஆளில்லாத தெருவில், ஒரு லோடு வண்டி கியர் மாற்றி, குழிகளுக்கு ஒதுங்கி, ஒதுங்கி, அவள் நடைக்கு மெதுவாக வந்துகொண்டிருந்தது.