மானேஜர் நீட்டிய பாட்டில்

செவ்வாய், காலை 9.40. சூலூரில் ஒரு விசைத்தறிக் கூடத்தின் தொழிலாளர் லைன் வீட்டு வாசலில் சாமான்கள் இறைந்து கிடந்தன. முந்தின நாள் டெங்குவுக்கு மகன் கதிரேசனைப் பறிகொடுத்த பொன்னாத்தாள் அவற்றின் நடுவே உட்கார்ந்திருந்தாள்.

சுகாதாரத் துறையின் பூச்சி ஆய்வாளர் அன்புக்கரசி, அந்த வட்டாரத்தில் இருபது வகைக் கொசுக்களைப் பிடித்துக் குறித்தவள். அவளிடம் மானேஜர் சுந்தரராஜுலு ஒரு பாட்டிலை நீட்டினார். தெளிந்த தண்ணீர். நெளியும் புழுக்கள், நாலைந்து கூட்டுப்புழுக்கள். அடியில் துளி கருஞ்சகதி.

“இந்தம்மா குடிதண்ணி டிரம்முல நானே மோந்ததுங்க மேடம். பெத்த மகனையே கொன்னுபோட்டா. மத்த குடும்பத்தையும் பாக்கோணுமில்லீங்க? அதான் காலி பண்ணச் சொன்னேன்.”

சிதைச் சூடு ஆறவில்லை, அதற்குள் தாய் தலையில் பழி. அன்புக்கரசி பாட்டிலில் ஒட்டிய சீட்டில் அவர் கையெழுத்தை வாங்கினாள். பாட்டில் வாய்க்கு வலைத்துணி கட்டினாள். டிரம்மைச் சேலைத் துணி இறுக மூடியிருந்தது.

விசாரித்தாள். கதிரேசன் இரவில் கொசுவலைக்குள்தான் படுப்பான். பகலெல்லாம் கூடத்தின் ஆபீஸ் ரூமில், கம்ப்யூட்டர் முன்னால் வேலை. அந்த ரூம் துக்கத்துக்காகப் பூட்டியிருப்பதாகவும், சாவி அவிநாசியில் முதலாளி வீட்டில் இருப்பதாகவும் மானேஜர் சொன்னார்.

வியாழன், மாலை 4.00. முதலாளியிடம் பேசிச் சாவியை வரவழைத்திருந்தாள் அன்புக்கரசி. ரூமில் ஏர் கூலர். அதன் தண்ணீர்த் தட்டில் புழு. சுவரில் இருந்த கொசுவைக் குழாயில் பிடித்து, பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். பாட்டிலிலும் இதற்குள் கொசு வெளிவந்திருந்தது.

“ரூம்ல புடிச்சதுக்குக் கால்ல வெள்ளை வளையம். டெங்குக் கொசு, பகல்ல கடிக்கும். உங்க பாட்டில்ல வந்தது வெறும் பழுப்பு. சாக்கடையில வளர்ற ஜாதி. மூடி வெச்ச குடிதண்ணியில எப்படி வந்துதுங்க?”

“கொசுன்னா கொசுதானுங்களே.”

“அங்கதான் மாட்டுனீங்க. எல்லாம் ஒண்ணுன்னு நெனச்சு, ஷெட்டுக்குப் பின்னால சாக்கடையில அள்ளி நல்ல தண்ணிக்கு மாத்துனீங்க. சகதி காட்டிக்குடுத்துருச்சு. கூலர் மேல பழி வரும்னு தெரிஞ்சுதான் ரூமைப் பூட்டுனீங்க. என் அறிக்கை போலீசுக்கும் போகுதுங்க.”

ரூம் வாசலில் நின்ற பொன்னாத்தாள் கூலரையே பார்த்தாள்.

“தட்டைக் கழுவ ஆள் உடுங்கன்னு இவருகிட்ட எம் பையன் மூணு தடவை சொன்னானாம், கண்ணு.”

அன்புக்கரசி மானேஜர் பக்கம் திரும்பினாள்.

“சாமானை வெளிய போட்டவரே உள்ள கொண்டு வெக்கோணுங்க,” என்றாள்.

ரெண்டு நாளாக வெயிலில் கிடந்த சாமான்களை, பாட்டில் நீட்டிய அதே கை, லைன் வீட்டார் பார்க்க ஒவ்வொன்றாக எடுத்தது.