நீலத் தழும்பு

சாமியாத்தாள் அந்த லேகியப் பாட்டிலை மேஜைமேல் வைத்தபோது, டாக்டர் பாலகோபாலுக்குக் கழுத்து மரத்துப்போயிருந்தது. காலையிலிருந்து மைக்ரோஸ்கோப்பில் குனிந்தபடியே இருந்தார். ஆர்.எஸ்.புரத்திலிருந்த அவருடைய பரிசோதனைக்கூடத்துக்கு நோயாளிகள் வருவதில்லை, சதைத்துணுக்குகள்தாம் வரும். ஆள் நேரில் வந்தால் வம்பும் கூடவே வரும் என்பது அவர் கண்ட அனுபவம்.

“ஏனுங்க டாக்டரு, எம்பையன் மதனோட கிட்னிச் சதை உங்ககிட்டத்தான் வந்திருக்குதாமா. கலியாணமாகி நாலு மாசந்தான் ஆச்சு. மருமவ சத்தியமங்கலத்துலருந்து இந்த லேகியத்தைக் கொண்டாந்து குடுத்தா. இப்ப ஒண்ணுக்குல ரத்தம் போகுதுங்க. இதுலதான் கெட்டதுன்னு எழுதிக் குடுங்க. சாயங்காலம் மருமவளோட அப்பன் வாராரு. புள்ளையக் கூட்டிட்டுப் போகட்டும்.”

கதவுக்கு வெளியே பெஞ்சில் மருமகள் லோகப்பிரியா அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“நாட்டு மருந்தால கிட்னி கெடறது உண்டே சார்,” என்று உதவி டாக்டர் லாஸ்யா உள்ளறையில் பரபரத்தாள்.

“உண்டு. ஆனா ஸ்லைடைப் பார்த்துட்டுச் சொல்லு கண்ணு. மருந்து விஷமானா பெரும்பாலும் எது முதல்ல அடி வாங்கும்?”

“சிறுநீர் ஓடுற குழாய்ங்க.”

“இங்கே?”

லாஸ்யா நெடுநேரம் பார்த்தாள். ரத்தத்தை வடிகட்டும் முடிச்சுகளுக்குள், நுண்ரத்தக்குழாய்களின் நடுவே, செல்கள் சந்தைக் கூட்டம்போல் நெருக்கியடித்தன. “முடிச்சுக்குள்ளதான் சார் வினை.”

இருட்டறையில் இன்னொரு ஸ்லைடு. அதே நடுப்பகுதி பச்சையாய் ஒளிர்ந்தது. தொண்டைக் கிருமியோடு சண்டை போட உடம்பே செய்யும் ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம், வேலை முடிந்தும் வீடு திரும்பாமல் அங்கே படிந்திருந்தது.

“ஆள் யாருன்னு தெரிஞ்சுது. எப்ப வந்தான்?” என்றபடி மூன்றாவது ஸ்லைடைப் பொருத்தினார். அதில் ஏற்றியிருந்த சாயத்தில் தழும்பு நீலமாகத் தெரியும். பல முடிச்சுகள் சுருங்கி முழு நீலமாகிவிட்டிருந்தன. நாலு மாசத்தில் இவ்வளவு தழும்பு ஏறாது. அவருக்கு அலுப்பாக இருந்தது. இனி அந்த அம்மாளிடம் பேசியாக வேண்டும்.

“ஏனுங்கம்மா, பையனுக்குத் தொண்டை கட்டினா என்ன ஆகும்?”

“அதுங்களா? சளி புடிச்சா அவனுக்குச் சூடும் சேந்தே வந்துருமுங்க. ஒண்ணுக்கு டீத்தண்ணியாட்டம் போகும். தொப்புள்ல வெளக்கெண்ணெய் வெச்சு எளநி குடுப்பேன். ரெண்டு நாள்ல தெளிஞ்சிரும்.”

“எப்பலேர்ந்து?”

“காலேஜ் போறப்பலேர்ந்து...”

அவள் பார்வை மேஜைமேலிருந்த பாட்டிலுக்குப் போனது.

“அது சூடு இல்லீங்க, ரத்தம். ஒவ்வொரு சளிக்கும் ஒரு தழும்பு விழுந்திருக்கு. இந்தப் பொண்ணு உங்க ஊட்டுக்கு வர்றதுக்கு ரொம்ப முந்தியே.”

“அப்ப நாந்தான் கெடுத்துப்போட்டனுங்களா?”

“யாரும் கெடுக்கலீங்க. அவன் உடம்பே செஞ்சுக்கிட்டது. லேகியத்தை நிறுத்திப்போடுங்க, ஆனா பழியை அதுமேல போடாதீங்க. மிச்சமிருக்கறதைக் காப்பாத்த மாத்திரை இருக்கு. வருஷக்கணக்கா நேரம் தவறாம எடுத்துக் குடுக்க ஒரு ஆள் வேணும்.”

சாமியாத்தாள் பாட்டிலைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்து கதவைத் திறந்தாள். பெஞ்சில் இருந்தவள் திடுக்கிட்டு எழுந்தாள்.

“உங்கொப்பனுக்குப் போன் போடு அம்மணி,” என்றாள் மாமியார். “கூட்டிட்டுப் போக வர வேண்டாம்னு நானே சொல்லோணும்.”