எஞ்சின் இல்லாத கோயலான்

போன வெள்ளிக்கிழமை தூசி துடைத்தபின் தான் அவிழ்த்துவிட்ட விமானத்து இருக்கைப் பட்டிகளில் ஐந்து மறுபடியும் பூட்டியிருந்ததை றோஸ்மேரி பார்த்தாள். ஆறாவது பட்டி மட்டும் அவள் விட்டபடியே தொங்கியது.

கடலோர ஊரான ஸ்ஃபெர்ராகவால்லோவில், அவள் வீட்டுவேலை செய்யும் சிஞோராவின் எலுமிச்சைத் தோட்டத்துக்குப் பின்னால் இருந்த கொட்டகைக்குள் நின்றது அந்தப் பழைய விமானம். பிரெஞ்சுக்காரர் மரத்தால் செய்த கோயலான் ரகம். இறக்கைகளில் எஞ்சின்கள் இருந்த இடத்தில் இரண்டு பொந்துகள். சக்கரமும் இல்லை, செங்கற்களின் மேல் ஏற்றிவைத்திருந்தார்கள். ஆனாலும் உள்ளே புது எண்ணெய் மணந்தது. உலக யுத்த காலத்தில் சிஞோராவின் கணவர் ஐந்து பயிற்சி விமானிகளை அதில் கடலுக்கு மேலே கூட்டிப்போனாராம். திரும்பி இறங்கியபோது அவர் மட்டும்தான் இருந்தாராம். இதைச் சொல்லிவிட்டு சிஞோரா சிரித்தது றோஸ்மேரிக்குப் பிடிக்கவில்லை.

அதைவிடப் பிடிக்காதது, பள்ளி விடுமுறைக்கு அவள் வேலைக்குக் கூட்டிவரும் மகள் மொனிகாவைப் பார்த்து சிஞோரா ஒவ்வொரு முறையும் கேட்ட கேள்வி.

"பிள்ளை இப்போது எத்தனை கிலோ?"

வேலைக்காரியின் மகள் எத்தனை கிலோ இருந்தால் இவளுக்கு என்ன?

"வயசு போனவ, தனிய இருக்கிறா. நீ சும்மா பயப்பிடாதை," என்றான் கணவன் ஸ்ரனிஸ்லாஸ். "நாங்கள் இந்த நாட்டிலை இருக்கிற பெர்மெஸ்ஸோவுக்கு அவவின்ரை கையெழுத்து வேணும். அதுமட்டும் பொறு."

மொனிகாவுக்கோ விமானத்தில் ஒரே ஆசை. "அம்மா, அது ஊரிலை எங்கடை பங்கர் மாதிரியே இருக்கு," என்றாள். பதுங்குகுழிப் பேச்சே பிடிக்காத றோஸ்மேரி அவளை அதட்டி, சமையலறையில் தன் கண்ணுக்கு எதிரே உட்காரவைத்தாள்.

மத்தியானம் ஊரே கதவடைத்துத் தூங்கியது. தெற்குக் காற்றும் ஓய்ந்து, மூடிய ஜன்னல்களுக்குள் வியர்வையும் வறுத்த மீனும் கலந்து மணக்க, றோஸ்மேரி கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். தட்டுகள் மெதுவாக நடுங்கத் தொடங்கின. பிறகு சத்தம் வந்தது. இரட்டை எஞ்சினின் இழுபட்ட, கனத்த இரைச்சல். யாழ்ப்பாணத்தில் பீப்பாய்க் குண்டு தள்ள வந்த சகடை விமானமும் இப்படித்தான் இரையும்.

யோசிக்கும் முன்பே வாய் கத்திவிட்டது.

"மொனிகா, பங்கருக்கு ஓடு! அம்மாவைப் பாக்காதை, ஓடு!"

மூன்று வயதில் பழக்கிய பழக்கம். பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை. பின்கதவைத் தாண்டி எலுமிச்சை மரங்களுக்குள் ஓடி மறைந்தாள்.

இங்கே பங்கர் ஏது?

மொனிகா பங்கர் என்று சொன்னது எதை என்று அப்போதுதான் றோஸ்மேரிக்கு விளங்கியது. ஈரக்கையோடு ஓடினாள். ஒரு இலைகூட ஆடவில்லை. கொட்டகை வாசலில் சிஞோரா, பெருங்காற்றில் நிற்பவளைப் போல ஒரு கையால் தலைமுடியை அழுத்திப் பிடித்தபடி நின்றாள்.

"இப்போது எடை சரி," என்றாள்.

றோஸ்மேரி அவளைத் தள்ளிவிட்டு விமானத்துக்குள் ஏறினாள்.

"மொனிகா!"

யாருமில்லை. விமானம் அசையவில்லை. செங்கல் செங்கலாகவே இருந்தது. வாசலில் ஒரு சின்னச் செருப்பு. சத்தம் கொட்டகைக் கூரைக்கு மேலே எழும்பி, கடல் பக்கம் திரும்பியது. அதற்குள்ளிருந்து மகளின் குரல்.

"அம்மா, பங்கருக்கை கன பேர் இருக்கினம். கெதியா வாங்கோ."

றோஸ்மேரி கடைசி இருக்கையைப் பார்த்தாள். ஆறாவது பட்டியும் பூட்டியிருந்தது. சின்ன இடுப்பின் அளவுக்கு இறுக்கி. வெறும் இருக்கையில், ஓடிக் களைத்த பிள்ளையின் வயிற்றின் மேல் கிடப்பதுபோல, அது ஏறி ஏறி இறங்கியது.