தைலானின் முழங்கால்

தைலானின் இடது முழங்கால் ஊருக்கே பொதுச்சொத்து. கால்பந்தாட்ட நாளில் இஸ்மிர் நகரத்து ரசிகர்கள் காலில் 'வலிவாங்கி'ப் பட்டையைக் கட்டிக்கொண்டுதான் அரங்குக்குள் நுழைவார்கள். அவன் முழங்காலில் ஒட்டிய சில்லு அனுப்பும் வலியை அந்தப் பட்டைகள் இழுத்து, ஆளுக்கு ஒரு கிள்ளு வீதம் பங்குபோட்டுவிடும். காயம் ஆறாது, வலிதான் இடம் மாறும். "நேத்து தைலானை நான் தாங்கினேன்" என்று தேநீர்க் கடையில் சொல்லிக்கொள்வதில் அவர்களுக்கு அப்படியொரு பெருமை.

பந்தை யாருக்கு, எந்த இடைவெளியில் தள்ள வேண்டும் என்பது அவனுக்குப் பிறவியிலேயே வந்தது. ஆனால் அறுவைச் சிகிச்சை, ஓய்வு, மறுபடி அறுவைச் சிகிச்சை என்றே பாதி இளமை போய்விட்டது. துருக்கிக்காக ஓர் உலகக் கோப்பையில்கூட ஆடியதில்லை. இன்று தேசிய அணியின் பயிற்சியாளரே அவனைப் பார்க்க வந்திருந்தார். இதை விட்டால் இனி வாய்ப்பில்லை.

பந்தைச் சும்மா தட்டிவிட்டாலே போதும் என்ற இடத்தில், அவர் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக, இடது காலை ஊன்றி ஒரு சுற்றுச் சுற்றினான். முழங்காலுக்குள் ஏதோ நறுக்கென்றது, கால் தடுமாறியது. அவனுக்கு வலிக்கவில்லை. கூட்டம் மொத்தமும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அலறியது. அந்த அலறல் அவனுக்குக் கைதட்டலைவிட இனித்தது. வேண்டுமென்றே இன்னொரு முறை சுற்றினான்.

இடைவேளையில் கட்டுப்போட முதலுதவி அறைக்குப் போனான். அங்கே ஒருவர் துண்டைக் கடித்துக்கொண்டு கட்டிலில் கிடந்தார்.

"இவருக்கு என்ன டாக்டர்?"

மருத்துவர் ஃபெரிதே அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "பேரு ரெஃபிக். பஸ் டிரைவர். இவருக்கு வலிக்கிறது உங்க முழங்கால்."

"ஆளுக்கு ஒரு கிள்ளுதானே?"

"எல்லாரும் பட்டையோட சுவிட்சை அணைச்சு வெச்சிருக்காங்க. மத்தவங்க தாங்கிப்பாங்கன்னு ஒவ்வொருத்தருக்கும் நினைப்பு. கட்டாம வந்தா மானம் போயிடுமே, அதனால கட்டிட்டு வர்றாங்க. நீங்க தடுமாறினா வலிச்ச மாதிரி கத்துறாங்க. இன்னைக்கு நிஜமா வேலை செய்யறது இவரோட பட்டை மட்டும்தான்."

தைலானுக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த இரண்டாவது சுற்று, வெறும் அலறலுக்காகச் சுற்றியது, இந்த மனிதரின் உடம்பில் விழுந்திருக்கிறது.

ரெஃபிக் எழுந்து உட்காரப் பார்த்தார். "ஒண்ணுமில்ல தம்பி, கிளட்ச் மிதிச்சுப் பழகின கால்தான். நீ போய் ஆடு. அந்தச் சுத்து இருக்கே, அதை இன்னொரு தடவை சுத்து, பார்க்கணும்."

அவனால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்ததும், வலியை அனுப்பும் சில்லைக் காலிலிருந்து பிய்த்து, பின்னாலேயே வந்த ஃபெரிதேயிடம் கொடுத்தான்.

"பயிற்சியாளர் பார்த்துட்டிருக்காரே!" என்றாள் அவள்.

"பார்க்கட்டும்."

தன் வலியைத் தானே அனுபவித்து அவனுக்கு வெகுகாலமாகியிருந்தது. இரண்டாம் பாதியில் ஓடத் தொடங்கியதுமே கால் மடங்கிப் புல்லில் விழுந்தான். தேசியப் பயிற்சியாளர் எழுந்து கோட்டை மாட்டிக்கொள்வது தெரிந்தது. அதைவிட, இத்தனை வலியை இன்னொருவர் தலையில் கட்டிவிட்டுத் துள்ளிக் குதித்தோமே என்ற அவமானம்தான் அவனைப் பிடுங்கித் தின்றது.

அரங்கமே முழங்காலைப் பிடித்துக்கொண்டு அலறியது. சிலர் படிக்கட்டில் புரண்டார்கள். பெரிய திரையில் கேமரா வரிசை வரிசையாக அந்த முகங்களைக் காட்டிக்கொண்டே போய், ஒருவர்மேல் வந்து நின்றது. தன் இருக்கைக்குத் திரும்பியிருந்த ரெஃபிக். வலி எங்கே போனதென்று புரியாமல், காலை நீட்டிச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

பக்கத்து இருக்கைக்காரன் அவர் தோளைப் பிடித்து உலுக்கினான். விசில் கிளம்பியது, அந்த ஊரில் விசில் பாராட்டல்ல, வசவு. "துரோகி! துரோகி!" என்று அரங்கம் கத்தியது.

தைலான் கையை உயர்த்தி, வேண்டாம் என்று சொல்ல முயன்றான். அவன் துடிக்கிறான் என்று நினைத்துக் கூட்டம் இன்னும் உரக்க அலறியது. திரையில் ரெஃபிக்கின் முகம் சிவந்தது. அவர் தலையைக் குனிந்து, இரண்டு கைகளாலும் வலிக்காத முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.