ஒன்பது முறை அணைந்த கணினி

அந்த வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தது பட்டப்பகலில். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஒரே தெருவை மூன்று தடவை சுற்றி, இரண்டு பேரிடம் வழி கேட்டு, வண்டியை நிறுத்தும்போதே எனக்கு எரிச்சல் உச்சியில் இருந்தது. பதினான்கு வருடமாக வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன். கோபம் எனக்குக் கூடப்பிறந்தது. "உப்புப் பெறாத விஷயத்துக்கெல்லாம் இந்தக் குதி குதிக்கிறீங்களே" என்று என் மனைவி சலித்துக்கொள்வாள். அன்றைக்கு நான் பார்த்த கோபத்துக்கு முன்னால் என்னுடையது தூசு.

கதவைத் திறந்தவர் வீட்டுக்காரர். ஐம்பது வயதிருக்கும். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. வா என்றுகூடச் சொல்லவில்லை.

"பத்து மணிக்கு வரச் சொன்னேன். மணி என்ன ஆகுது?"

"வழி தெரியல சார்."

"கேக்க வாய் இல்லையா? சரி, மேல வா. ஆன் பண்ணினா பத்து நிமிஷத்துக்கு மேல ஆகுது. அப்புறம் படக்குன்னு அணைஞ்சு போகுது. இன்னைக்கே சரி பண்ணிடணும்."

சமையலறை வாசலில் அவர் மனைவி நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான், அந்த அம்மா உள்ளே போய்விட்டார்.

மாடியில் ஒரே ஒரு அறை. கதவின் வெளிப்பக்கத்தில் கனமான தாழ்ப்பாள். திருகாணிகள் புதிதாக மினுங்கின. உள்ளே நுழைந்து பார்த்தால், கதவின் உள்பக்கத்தில் தாழ்ப்பாளே இல்லை. கழற்றி எடுத்த இடத்தில் நான்கு ஓட்டைகள். சன்னல் கதவுகளை ஆணி அடித்து மூடியிருந்தார்கள். அடைத்து வைத்த தூசியின் வாடை. அதற்கு அடியில் மெல்லிதாக, ஆஸ்பத்திரியை நினைவூட்டுகிற ஒரு இனிப்பு வாடை.

மேசைமேல் பழைய கம்ப்யூட்டர். மானிட்டர் ஓரத்தில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது. அதில் என் போன் நம்பர். நம்பருக்குக் கீழே பேனாவால் மூன்று கோடுகள்.

"என் நம்பர் எப்படி சார் இங்க?"

"தங்கச்சி ஒட்டி வச்சது. அதைப் பாத்துத்தான் உன்னைக் கூப்பிட்டேன்."

"அவங்க வெளியூரா?"

"செத்துட்டா. நாலு மாசம் ஆச்சு." கரண்ட் போய்விட்டது என்பதைப்போலச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

எனக்கு அந்தக் குரல் ஞாபகம் வந்தது. வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்குகிற ஒரு பெண் குரல். "தம்பி, நான் வீட்டிலேயே டைப்பிங் வேலை பாக்கறேன். மிஷின் ரொம்ப மெதுவா இருக்கு. நடுவுல அணைஞ்சு அணைஞ்சு போகுது. ஒரு தடவ வந்து பாருங்களேன்." ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கக்கா, இந்த வாரம் முடியாது என்றேன். இரண்டாவது தடவையும் அதையேதான் சொன்னேன். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது ஏதோ ஆபீசில் மேசைக்கு அடியில் ஒயர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். "ஒரு தடவ சொன்னா புரியாதா உங்களுக்கு?" என்று கத்திவிட்டுத் துண்டித்தேன்.

சீட்டில் இருந்த மூன்று கோடுகளையும் பார்க்காமல் வேலையை ஆரம்பித்தேன்.

ஆன் செய்து கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொரு நிமிடம் கழித்துத்தான் திரை தெளிந்தது. மவுசைத் தொட்டதும் அணைந்தது. பெட்டியைத் திறந்தேன். உள்ளே கம்பளிபோலத் தூசி. ஃபேனைச் சுற்றி நீளமான ஒரு தலைமுடி இறுகச் சுற்றியிருந்தது. அதை வெட்டி எடுத்துவிட்டு ஃபேனைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். தூசி தட்டினேன். ரேமை எடுத்து அதன் பொன்னிற விளிம்பை ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினேன். ஹார்ட் டிஸ்க் டிக் டிக்கென்று தட்டிக்கொண்டிருந்தது ஏற்கெனவே காதில் விழுந்திருந்தது. அது சாகும் நேரத்தில் எழுப்பும் சத்தம் அது. நான் மூன்றாவது போனுக்கு முன்னாலேயே வந்திருந்தால் அரை மணி நேர வேலை. புது டிஸ்க் போட்டுக் கொடுத்திருப்பேன்.

பழைய டிஸ்கைக் கழற்றி என் லேப்டாப்பில் மாட்டினேன். எந்தக் கம்ப்யூட்டரும் தனக்கென ஒரு நாட்குறிப்பு எழுதிக்கொண்டே இருக்கும். எப்போது விழித்தது, எப்போது விழுந்தது, எல்லாம் நிமிடக் கணக்கில் அதில் இருக்கும். அதைப் படித்தால் நோய் தெரிந்துவிடும்.

நான்கு மாதத்துக்கு முந்தைய ஒரு தேதி. பிற்பகல் 2:05க்கு ஆன் செய்திருக்கிறார்கள். 2:16க்கு விழுந்துவிட்டது. 2:17க்கு மறுபடி ஆன். 2:28க்கு விழுந்துவிட்டது. 2:29. 2:41. 2:53. நான் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினேன். ஒன்பது தடவை. கடைசியாக ஆன் செய்தது 3:41க்கு. அது 3:52க்கு விழுந்திருக்கிறது.

அதற்குப் பிறகு நான்கு மாதம் எதுவுமே இல்லை.

ஒன்பதில் ஒரே ஒரு தடவை, அணைவதற்கு முன்னால் ஒரு மெயில் எழுத நேரம் கிடைத்திருக்கிறது. அனுப்ப நேரம் கிடைக்கவில்லை. பாதியில் சேமிக்கப்பட்டுக் கிடந்தது.

"அண்ணி மூச்சு மு"

"தம்பி."

திடுக்கிட்டுத் திரும்பினேன். வீட்டுக்காரரின் மனைவி, கையில் தண்ணீர்ச் செம்போடு. லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன். நேரங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். அந்த மூன்று வார்த்தைகளையும் படித்தார். முகத்தில் ஒரு சொட்டு ரத்தமில்லை.

"அவளுக்கு வேற ஊர்ல வேலை கிடைச்சுது" என்றார் கிசுகிசுப்பாக. "அண்ணனை எதுத்துக்கிட்டுப் போவியான்னு போனைப் புடுங்கிட்டார். வெளியில தாழ்ப்பாள் போட்டார். நான் வேலைக்குக் கிளம்பும்போது, திறந்து விடுங்கன்னு கெஞ்சிட்டுத்தான் போனேன். சரி, திறக்கறேன்னார். திறக்காம அவரும் வெளிய போயிட்டார். இழுப்பு வந்தா அவ உறிஞ்சுற மருந்து கீழ அலமாரியிலேயே இருந்துச்சு. சாயங்காலம் நான்தான் பாத்தேன். இந்த நாற்காலியில." செம்பை மேசை ஓரத்தில் வைத்தார். "தூக்கத்துல போயிட்டான்னு ஊருக்குச் சொன்னார்."

"அவங்க யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே" என்றேன் முட்டாள்தனமாக.

"எதை வச்சுத் தம்பி?"

இரண்டு பேரும் அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்தோம்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. தூசி அடைத்த ஃபேன் இழுத்து இழுத்துச் சுற்றுமே, அந்தச் சத்தம். சீழ்க்கைபோல நீளும். நிற்கும். திரும்ப நீளும்.

ஃபேன் மேசைமேல் கழன்று கிடந்தது.

ஒயரைப் பார்த்தேன். பிளக் தரையில் கிடந்தது.

சத்தம் நாற்காலியிலிருந்து வந்தது.

டிஸ்க் இல்லாத, கரண்ட் இல்லாத அந்தக் கம்ப்யூட்டரின் திரை வெளுத்தது. கீபோர்டில் ஒரு கட்டை அமுங்கியது. பிறகு இன்னொன்று.

"திற"

கெஞ்சல் இல்லை அது. கட்டைகள் ஆணி அறைவதுபோல அறைபட்டன. ஒரு கட்டை பெயர்ந்து சுவரில் மோதி விழுந்தது.

"திற திற திற திற"

"என்னடி பண்ற இங்க?" வாசலில் வீட்டுக்காரர்.

எனக்கு அதுவரை பயமாகத்தான் இருந்தது. அந்தச் சட்டை மடிப்பைப் பார்த்ததும் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. "ஒன்பது தடவ முயற்சி பண்ணியிருக்காங்க சார்! ஒன்றே முக்கால் மணி நேரம்! நீங்க மனுஷன்தானா?"

"வேலைக்கு வந்தவன் வேலையப் பாரு!" என் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினார். மனைவியையும் கையைப் பிடித்து இழுத்து வெளியே விட்டார். "இந்தச் சனியனை உடைச்சுப் போட்டாத்தான் வீடு உருப்படும்" என்று உள்ளே பாய்ந்து கம்ப்யூட்டரை இரண்டு கைகளாலும் தூக்கினார்.

கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

நாங்கள் இரண்டு பேரும் வெளியே, கதவிலிருந்து ஒரு முழத் தூரத்தில் நின்றிருந்தோம். எங்கள் கண்ணெதிரே அந்தத் தாழ்ப்பாள் நகர்ந்தது. யார் கையும் படவில்லை. நிதானமாக நகர்ந்து, கடைசிவரை போய், டக்கென்று விழுந்தது.

பிடித்து இழுத்தேன். அடுப்பில் வைத்த இரும்பாகச் சுட்டது. ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து நெம்பினேன். அசையவில்லை.

உள்ளே முதலில் வசவு. "எவன்டா பூட்டினது? திறடா!" பிறகு மனைவிக்கு உத்தரவு. "திறடி! திறக்கறியா இல்லியா?" பிறகு அந்தக் குரலில் மூச்சு வாங்கத் தொடங்கியது. நகங்கள் பலகையைப் பிறாண்டின. "திறம்மா... தங்கச்சி... திறம்மா..."

"அக்கா! யாரையாவது கூப்பிடுங்க! செத்துடுவார்!"

அந்த அம்மா அசையவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ நேரம் ஆச்சு தம்பி?"

கடிகாரத்தைப் பார்த்தேன். "எட்டு நிமிஷம்."

"இன்னும் மூணு இருக்கு" என்றார்.

அந்த மூன்று நிமிடத்தை நான் இன்னும் கடந்து முடிக்கவில்லை. உள்ளே இரண்டு பேர் மூச்சிழுக்கும் சத்தம் கேட்டது. ஒருவர்தான் உள்ளே போயிருந்தார்.

அப்புறம் அந்த அம்மா முன்னால் வந்து, என்னை விலக்கிவிட்டு, தாழ்ப்பாளின்மேல் கை வைத்தார். கை பொசுங்குமே என்று நான் கத்தினேன். அவருக்குச் சுடவில்லை.

"நான் வந்துட்டேன்மா. அன்னைக்குத்தான் லேட்டாயிடுச்சு. இன்னைக்கு நான் திறக்கறேன்."

தாழ்ப்பாள் வெண்ணெயில் ஓடுவதுபோல நழுவித் திறந்தது.

வீட்டுக்காரர் மேசைக்குக் கீழே கிடந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. விரல் நகங்கள் பெயர்ந்திருந்தன. உயிர் இருந்தது. கம்ப்யூட்டர் இருந்த இடத்திலேயே, கீறல்கூட இல்லாமல் இருந்தது. நாற்காலி மட்டும் அவர் பக்கம் திரும்பியிருந்தது, யாரோ உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்த மாதிரி.

அவர் பிழைத்துக்கொண்டார். பேச்சு திரும்பவில்லை. இப்போது உறவினர் ஒருவர் வீட்டில் கிடக்கிறாராம். கதவைச் சாத்தினால் அலறுகிறாராம். அந்த நாட்குறிப்பை அச்செடுத்து நான் போலீசில் கொடுத்தேன். அவர் மனைவியும் நடந்ததை மறைக்காமல் எழுதிக் கொடுத்தார். வழக்கு நடக்கிறது. கம்ப்யூட்டர் சாட்சிப் பொருளாகி, அரக்கு முத்திரையோடு எங்கோ ஒரு கிடங்கில் இருக்கிறது.

என் கோபம் மட்டும் ஆறவில்லை. அவர்மேல் பாதி. மீதி யார்மேல் என்று எனக்குத் தெரியும்.

போன வாரம் அந்த அம்மா போன் செய்தார். பெரிய வீட்டில் தனியாக எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்தேன்.

"நல்லா இருக்கேன் தம்பி. சன்னல் ஆணியெல்லாம் பிடுங்கிட்டேன். மேல இப்ப நல்ல காத்து வருது. சமைக்கறேன், சாப்பிடறோம், பொழுது போகுது."

சாப்பிடறோம் என்றது என் மனதில் உறைப்பதற்குள், போனுக்கு அந்தப் பக்கம், சற்றுத் தள்ளி இன்னொரு குரல் கேட்டது. இளம் குரல். இப்போது அதில் மூச்சு வாங்கவே இல்லை.

"அண்ணி, யாரு? அந்தக் கம்ப்யூட்டர்காரரா?"

போனைக் கையால் பொத்தும் சத்தம். பிறகு அந்த அம்மா திரும்ப வந்தார். குரல் தணிந்திருந்தது.

"ஏன் வரலைன்னு கேக்கறா தம்பி. என்ன சொல்லட்டும்?"